நான் எழுதிய ‘நல்ல தண்ணீர்’

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஐம்பத்திரண்டு வயதில் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். இப்போதெல்லாம் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது நோட்டுப் புத்தகம் கிடையாதாம், செல்போனில் ஒரு செயலி. அதில் தண்ணீர் வகை என்ற இடத்தில் இரண்டே பதில்கள்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். “இங்க ஒரு போருங்க மேடம். வாயில வெச்சா இனிப்பா இருக்குது. நல்ல தண்ணின்னு போட்டுரட்டுங்களா?” என்று கேட்டாள்.

போடாதே என்றேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதை எழுதிக் கொடுத்தால் புதிதாக வந்திருக்கும் எல்லோரும் படிப்பார்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல தண்ணி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஆற்றிலிருந்து குழாய் வழியாக வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ வருவது நல்ல தண்ணி. அது குடிக்கவும் சமைக்கவும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. அது குளிக்க, துவைக்க, மாட்டைக் கழுவ. இங்கே ‘நல்ல’ என்றால் உப்புக் கரிக்காதது என்று மட்டும்தான் பொருள். கெடுதல் இல்லாதது என்ற பொருள் அதில் இல்லை. இது எனக்குத் தெரியும். இருந்தும் அந்தச் சொல்லில்தான் தவறினேன்.

நான் வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டில் கழுவினேன், கழுவிய பாட்டிலை மறுபடி கழுவினேன். பிறகு வெளியே அனுப்பினார்கள்.

கிருமிச் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் முறை பார்ப்பதற்கு எளிது. குழாயின் வாயைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி அதைச் சுட வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாட்டிலின் அடிப்பக்கத்தை ஒரு கையில் பிடித்து, மூடியின் உட்புறம் எதிலும் படாமல் மறு கையில் வைத்துக்கொண்டு, கழுத்து வரைக்கும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுப் பிடிக்க வேண்டும். பாட்டிலுக்குள் முன்கூட்டியே இட்டிருக்கும் இரண்டு சொட்டு மருந்து குளோரினை முறிப்பதற்காக. அது தெரியாமல் பாட்டிலை அலசிவிட்டால் எல்லாம் போயிற்று. நின்ற இடத்திலேயே லேபிள் எழுத வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்.

அந்த லேபிளில்தான் எங்கள் மேலதிகாரி ஜோசப் சார் எங்களைப் பிடிப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாட்டில்களை வாங்கும்போது ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். லேபிளைப் படிப்பார். “இதை எங்க நின்னு எழுதுனீங்க?” என்று கேட்பார். ஜீப்பில் வரும்போது எழுதினேன் என்று சொல்லிவிட்டால், பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, “ஒருக்கா போயிட்டு வந்துருங்க அம்மணி” என்பார். நாற்பது கிலோமீட்டர் மறுபடி போக வேண்டும். “சாருகிட்டத் திட்டு வாங்கறதே தேவலைங்க. அவரு மரியாதையாப் பேசுனா டீசல் தீந்துபோயிருது” என்பார் எங்கள் ஜீப் டிரைவர் ரஃபீக் அண்ணன்.

சாருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அறிக்கையில் எந்தச் சோதனை செய்தோமோ அதன் பதிலுக்கு மேல் ஒரு வார்த்தை இருந்தால் பென்சிலால் வட்டம் போடுவார். “பாட்டில்கிட்ட நாம என்ன கேட்டமோ அதுக்குத்தானுங்க அது பதில் சொல்லும். மிச்சத்தை நாம சொல்லக் கூடாது.”

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எண்பது வீடுகள் இருக்கும், சுற்றிலும் தென்னந்தோப்பு. அங்கே போர் போட்டால் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. மேட்டிலிருந்து இறங்கும் பள்ளம் ஒன்று ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாங்கள் பள்ளம் என்று சொல்வது மழைக்கு மட்டும் ஓடும் ஓடையை. அதைத் தூர் வாரி, மூன்று தடுப்பணை கட்டி, ஊர்க் குட்டையின் நடுவில் ஆழமாகக் குழாய் இறக்கி, மழைத் தண்ணீரை நிலத்துக்குள் அனுப்பும் வேலை நடந்தது. குழாயைச் சுற்றி ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி. மாதாமாதம் போய்ப் பொதுப் போரின் உப்பை அளந்து வருவது என் வேலை.

அந்தப் போருக்கு அடுத்த வீடு சரஸ்வதியுடையது. பால் சொசைட்டியில் வேலை செய்பவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு ஆறாவது படிக்கும் ஒரு மகன். நான் போகும் நாளெல்லாம் அவள் வீட்டில்தான் பெட்டியை வைப்பேன். “வாங்க மேடம், எங்க ஊரு உப்பை அளக்கறதுக்கு இவ்வளவு தூரம் வாரீங்க. கொஞ்சம் ஊட்டுக்கும் எடுத்துட்டுப் போங்க, கொழம்புக்கு ஆகும்” என்பாள்.

இரண்டாவது வருட மழைக்குக் குட்டை நிரம்பியது. தை மாதம் எடுத்த தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்தபோது நானே நம்பவில்லை. உப்பு எவ்வளவோ அவ்வளவு மருந்து பிடிக்கும். முன்பெல்லாம் அந்தப் போர்த் தண்ணீருக்கு மருந்து சொட்டும் கண்ணாடிக் குழாயை இரண்டாம் தடவை நிரப்ப வேண்டியிருக்கும். இந்த முறை கால்வாசி இறங்குவதற்குள் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகிவிட்டது. மூன்று தடவை செய்து பார்த்தேன். உப்பு போய்விட்டிருந்தது.

அறிக்கையை வழக்கமான அலுவலக மொழியில் எழுத மனம் வரவில்லை. ஊர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டும் என்று நினைத்தேன். ‘இவ்வூர்ப் பொதுப் போரின் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராக மாறியுள்ளது’ என்று கடைசி வரியாக எழுதினேன். ஜோசப் சார் பென்சிலை எடுத்தார். ‘நல்ல தண்ணீர்’ மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“இந்த வார்த்தை வேணுங்களா அம்மணி?”

“அவங்க அப்படித்தானுங்க சார் சொல்லுவாங்க. படிச்சதும் சந்தோஷப்படுவாங்க” என்றேன்.

வட்டம் போடாமல் கையெழுத்துப் போட்டார். என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் கிருமிச் சோதனைக்குப் பாட்டில் எடுக்கவே இல்லை. அந்த மாதம் கேட்டது உப்பை மட்டும்தான்.

அறிக்கையை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். புதுத் தண்ணீருக்குப் பூசை போட்டுப் பொங்கல் வைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் அபிநயாவையும் கூட்டிப் போனேன். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று அவள் ஒருமுறை பார்க்கட்டும் என்ற ஆசை. சரஸ்வதி எங்கள் இருவருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “நல்ல தண்ணிதானுங்க, குடிங்க” என்றாள். குடித்தோம்.

நான்கு வாரம் கழித்து அந்த ஊர்க் குழந்தைகளுக்குக் காமாலை வந்தது. முதலில் இருவர், பிறகு ஐவர். அதில் ஒருவன் சரஸ்வதியின் மகன். சுகாதாரத் துறையிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்து நான் போனேன். வீடு வீடாகக் கேட்டேன். குடிப்பதற்கு எந்தத் தண்ணீர் என்றால் எல்லா வீட்டிலும் ஒரே பதில், நல்ல தண்ணிதானுங்க. நான் போய் ஆற்றுக் குழாயில் பாட்டில் பிடித்தேன். மேல்நிலைத் தொட்டியில் பிடித்தேன். குளோரின் இருந்தது, கிருமி இல்லை. ஐந்து நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடியும் அதே பதில், அதே குழாய்கள், அதே முடிவு. முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. லேபிள்கூட நின்ற இடத்திலேயே எழுதியதுதான்.

அந்த வாரம் அபிநயா சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி எடுத்தாள். பரீட்சை பயம் என்று நினைத்தேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வழக்கமான மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்ததும் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். காமாலை என்றால் ஓய்வில் சரியாகிவிடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் ஆகிவிடும். இவளுக்கு ரத்தம் உறைகிற நேரம் ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடிக்கொண்டே போனது. ஈரல் தாங்குமா என்பது இரண்டு நாளில் தெரியும் என்றார் அங்கிருந்த மருத்துவர். நிதானமாகச் சொன்னார்.

அவர் அபிநயாவிடம் வெளியில் எங்காவது தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார். பள்ளியில் நான் கொடுத்தனுப்பும் தண்ணீர்தான், வேறெங்கும் இல்லை என்று அவளுக்காக நான் பதில் சொன்னேன்.

“அந்த ஊர்ல குடிச்சமே அம்மா. பொங்கல் அன்னிக்கு” என்றாள்.

அது ஆற்றுத் தண்ணீர், நல்ல தண்ணீர், இரண்டு முறை சோதித்தாயிற்று என்றேன்.

“இல்லம்மா. அந்தக்கா மோட்டார் போட்டுல்ல புடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன். இனிமே இதுதான் எங்களுக்கு நல்ல தண்ணி கண்ணு, உங்கம்மா எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க.”

நான் எழுந்து நடைபாதைக்குப் போய் ஜோசப் சாருக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாக்கியமாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இப்போதே போய் அந்தப் போரில் பாட்டில் பிடித்து வருகிறேன் என்றது மட்டும் நினைவிருக்கிறது. அவர் முழுவதும் கேட்டார்.

“நீங்க பாப்பாகிட்ட இருங்க. உங்க கை நடுங்கும் அம்மணி. நடுங்குன கையில எடுத்த பாட்டிலை நான் வாங்க மாட்டேன். நான் போறேன்.”

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர், பல வருடம் கழித்துத் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் குழாயைச் சுட்ட விதத்தை ரஃபீக் அண்ணன் பிறகு எனக்குச் சொன்னார். பஞ்சு முழுக்க எரிந்து அணைகிறவரை கண்ணை எடுக்கவில்லையாம். அன்று மாலையே சுகாதாரத் துறையில் பேசி அந்த மோட்டாரின் சாவியையும் வாங்கிவிட்டார், முடிவு வருகிறவரை.

இரண்டாம் நாள் காலை என் கணவரை அபிநயாவிடம் விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். அந்தச் சோதனையில் ஊதா நிறக் கரைசல் உள்ள கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் கவிழ்த்த சின்னக் குழல் ஒன்று இருக்கும். மலக் கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும், சின்னக் குழலின் தலையில் காற்று சேரும். ஜோசப் சார் அந்தத் தாங்கியை எடுத்து என் முன்னால் வைத்தார். பதினைந்து குழாய்கள். பதினைந்தும் மஞ்சள். எல்லாவற்றிலும் காற்று. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மேட்டுத் தோப்பு ஒன்றில் தென்னைக்கு உரமாகும் என்று செப்டிக் டேங்க் லாரிகளைக் கொட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பல தோப்புகளில் நடப்பதுதான், கொட்டியவருக்கு அது தப்பாகவே படவில்லை. மழை அதைப் பள்ளத்தில் இறக்கியது, பள்ளம் குட்டைக்குக் கொண்டுவந்தது. குட்டையில் வடிகட்டித் தொட்டியின் மணல் சேறு படிந்து அடைத்துக்கொண்டிருந்தது. மணல்தான் தண்ணீரை இறங்க விடாமல் தடுக்கிறது என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை முழுக்க அள்ளி வெளியே போட்டிருந்தார்கள். அள்ளிய மணல் கரையில் குவிந்திருந்ததை மார்கழியில் நானும் பார்த்தேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து, பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஊரில் கூட்டம். நானும் வர வேண்டும் என்று ஜோசப் சார் சொன்னார். அபிநயாவின் காலை ரத்தப் பரிசோதனை முடிவு பதினொரு மணிக்குத்தான் வரும். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

போரை மூடச் சொன்னதும் எதிர்ப்பு வந்தது. உப்பாக இருந்தபோது வராத நோய் இனிப்பானதும் வருமா என்று ஒருவர் கேட்டார். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பிள்ளை வளர்க்க முடியுமா என்று இன்னொருவர். எல்லாம் நியாயமான கேள்விகள். யாரும் கத்தவில்லை, ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’ இருந்தது. சரஸ்வதி மட்டும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பிறகு அவளே முன்னால் வந்தாள்.

“என்ற பையன் படுத்துக் கெடக்கறானுங்க. ஊடு ஊடா வந்து கேட்டீங்க. நல்ல தண்ணின்னு சொன்னோம். நீங்க எழுதி ஒட்டுனதைத்தானுங்க மேடம் நாங்க சொன்னோம்.”

ஜோசப் சார் எழுந்து போய் சுவரில் ஒட்டியிருந்த அறிக்கையைக் கிழியாமல் எடுத்தார். மேசையில் வைத்து, ‘நல்ல தண்ணீர்’ என்பதைச் சுற்றி இப்போது பேனாவால் வட்டம் போட்டார். அதற்குக் கீழே எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: “இந்த அறிக்கை உப்பை மட்டும் சோதித்து எழுதப்பட்டது. இது குடிக்கத் தகுந்த தண்ணீரா என்று நாங்கள் சோதிக்கவில்லை. இந்த வார்த்தை எங்கள் தவறு.” கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். எட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர் இப்படி எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். காகிதத்தைத் திரும்ப அதே சுவரில் ஒட்டச் சொன்னார்.

அதன் பிறகு யாரும் வாதாடவில்லை. சாவி எங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். தோப்புக்காரர், லாரி இனி வராது என்று சபையில் சொன்னார். பெரிதாக வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, ஆனால் லாரி வரவில்லை.

திரும்பி வரும் வழியில் என் கணவர் போன் செய்தார். உறையும் நேரம் முதல் முறையாகக் குறைந்திருக்கிறது என்றார். ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ரஃபீக் அண்ணன் இறங்கிப் போய்ச் சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

அபிநயா மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். ஊர்க் குழந்தைகள் எல்லோரும் பிழைத்தார்கள். ஜோசப் சாரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினார், அதோடு முடிந்தது. நான் இன்னும் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஆனால் பாட்டில் பிடிக்கும்போது கை நடுங்கும். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பேன். அதற்கு மேல் அந்த வேலையில் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால்தான் ஓய்வு கேட்டேன்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. மணலை மறுபடி போட்டு, குட்டைக்கு வரும் வாயில் சேறு தங்கும் குழிகள் வெட்டி, போருக்குக் குளோரின் கலக்கும் கருவியும் வைத்தார்கள். அடுத்த மழையும் போனது. அதன் பிறகு தொடர்ந்து மூன்று மாதம் நான் எடுத்த பாட்டில்களில் கிருமி இல்லை. அந்த முடிவைச் சொல்ல ஊருக்குப் போன அன்று அபிநயா தானும் வருவேன் என்றாள். வேண்டாம் என்றேன். வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், பேச்சு அதற்குப் பிறகுதான். அன்று சரஸ்வதி எங்களை உட்கார வைத்தாள், மின்விசிறியைத் திருப்பி வைத்தாள், முறுக்கு கொண்டுவந்தாள், அபிநயாவின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். தண்ணீர் கொண்டுவரவில்லை. முறுக்கைத் தின்ற அபிநயா, “அக்கா, தண்ணி குடுங்க” என்றாள்.

சரஸ்வதி உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள். ஆனால் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க மேடம். குடுக்கட்டுங்களா?”

அறிக்கை என் பையில் இருந்தது. அதில் ‘குடிக்கத் தகுந்தது’ என்று எழுதி என் கையெழுத்து இருந்தது. இந்த முறை வேறு ஒரு வார்த்தையும் இல்லை. மூன்று மாதமும் பாட்டில் பிடித்தது நான், குழாயைச் சுட்டது நான், ஊதா ஊதாவாகவே இருந்ததைப் பார்த்ததும் நான். எண்பது வீட்டுக்கு அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். என் பிள்ளைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“குடுங்க” என்றேன்.

அபிநயா குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அந்த நோய் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சின்ன வயதிலேயே எனக்கு வந்துபோயிருக்க வேண்டும், பொங்கல் அன்று நானும் குடித்தும் தப்பியது அதனால்தான். ஆனால் கெட்ட தண்ணீரில் வரும் காமாலை அந்த ஒரு வகை மட்டுமா? மறுநாள் காலையிலிருந்து அவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டுக் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். தலை வாரிவிடுவது போலக் கூப்பிடுவேன். ஒரு மாதம் போல அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டாள்.

“அந்த ரிப்போர்ட்ல இருந்தது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“அப்புறம் என்னம்மா?” என்று சொல்லிவிட்டு, அவளே கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்து வெளிச்சத்தில் காட்டினாள். வெள்ளையாக இருந்தது.

அடுத்த நாளும் பார்த்தேன்.